கையால் சாப்பிடுகிறவர்களின் மேஜை

சாப்பாட்டு மேஜையை அழகாக வைப்பது எப்படி என்று தேடினால் வருகிற படங்களில் முக்கால்வாசி முள்கரண்டியும் கத்தியும் பிடித்துச் சாப்பிடுகிறவர்களுக்காகப் போட்ட மேஜைகள்தான். நடுவில் உயரமாகப் பூ, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, தட்டுக்கு மேல் தட்டு, அதற்கு மேல் மடித்த துணி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே மேஜையில் நம் வீட்டு ஆட்கள் ஆறு பேரை உட்கார வைத்து, சாதத்தைப் போட்டு, ரசத்தை ஊற்றிப் பாருங்கள். ரசம் தட்டை விட்டு வழிந்து துணிக்குப் போகும், பக்கத்தில் இருப்பவரின் முழங்கை நம் டம்ளரைத் தட்டும், பூவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அத்தையின் முகம் தெரியாது, மெழுகுவர்த்தி ஃபேன் போட்ட நிமிஷமே அணைந்துவிடும். சென்னையில் ஃபேன் போடாமல் யார் சாப்பிடுகிறார்கள்?

நம் மேஜையை நம் கை எப்படி வேலை செய்கிறது என்பதை வைத்துத்தான் அமைக்க வேண்டும் என்பது என் கட்சி. வலது கை எச்சில் கை, அது தட்டை விட்டு நகராது. கரண்டி எடுப்பது, டம்ளர் எடுப்பது, அப்பளத்தை எதிரே இருப்பவருக்கு நகர்த்துவது எல்லாம் இடது கைதான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் சேர்த்து வைத்திருக்கிற பழைய பாத்திரமும், ஆசைப்பட்டு வாங்கிய மண் கிண்ணமும் தாமாகவே அவற்றின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். டம்ளர் தட்டுக்கு இடது மேல் மூலையில். கரண்டிகளின் காம்பு இடது கைக்கு வாட்டமாக. வலது முழங்கை ஆடுகிற பக்கம் ஒன்றுமே வேண்டாம்.

அளவையும் பார்த்துவிடலாம். அடுக்குமாடி வீடுகளில் போடுகிற ஆறு பேர் மேஜை பெரும்பாலும் 5 அடிக்கு 3 அடிதான். எதிரும் புதிருமாக இரண்டு பேருக்கு ஓரடி, ஓரடி போக, நடுவில் மிஞ்சுவது ஓரடி. குழம்பு, ரசம், கூட்டு, பொரியல், அப்பளம், ஊறுகாய், நெய் எல்லாம் அந்த ஓரடிக்குள் வந்தாக வேண்டும். தனியாக அலங்காரத்துக்கென்று ஒரு சாமான் வைக்க அங்கே இடமே இல்லை, வைக்கவும் வேண்டாம். சாப்பாடு வருகிற பாத்திரம் அழகாக இருந்தால் போதும், அதுவே மேஜைக்கு அலங்காரம்.

முதலில் தட்டு. கையால் செய்த தட்டு என்றால் எனக்குப் பாண்டிச்சேரிதான். 1971ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கினார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்டவர்கள், அப்புறம் இவர்களிடம் கற்றுக்கொண்டவர்கள் என்று கிளைவிட்டு இன்றைக்குப் பாண்டியிலும் ஆரோவில் பக்கத்திலும் ஸ்டோன்வேர் செய்கிற பட்டறைகள் நிறைய. 1200 டிகிரிக்கு மேல் சுடுவதால் மண் நன்றாக இறுகிவிடுகிறது, குழம்பை உறிஞ்சாது, வாடை பிடிக்காது, தினசரிப் புழக்கத்துக்குத் தாங்கும்.

கடையில் தட்டைக் கையில் எடுத்ததும் எல்லோரும் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் ஒன்று செய்யுங்கள். நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து, சாதத்தைப் பிசைந்து கூட்டுகிற மாதிரி, தட்டின் விளிம்பிலிருந்து நடுவுக்கு ஒரு முறை இழுத்துப் பாருங்கள். பளபளப்பில்லாத மேட் பூச்சு சிலவற்றில் விரல் நறநறவென்று போகும், பல் கூசும். முள்கரண்டிக்காரர்களின் விரல் தட்டில் படுவதே இல்லை, அதனால் அவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. நமக்கு ஒவ்வொரு கவளத்துக்கும் விரல் தட்டைத் தொடுகிறது. வழவழப்பான பூச்சுதான் நமக்குச் சரி. பூச்சில் மயிரிழை விரிசல் ஓடுகிற தட்டுகள் இருக்கின்றன, கொள்ளை அழகு, ஆனால் சாம்பார் ஊற்ற ஊற்ற அந்தக் கோடெல்லாம் மஞ்சள் ஏறிவிடும். அதைப் பழத்துக்கும் முறுக்குக்கும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது விளிம்பு. தட்டையாக, ஓரம் எழும்பாமல் இருக்கிற தட்டுகள்தான் இப்போது எங்கே பார்த்தாலும். பரோட்டாவுக்குச் சரி, ரசம் சாதத்துக்கு ஆகாது. ஓரம் முக்கால் அங்குலமாவது நேராக எழும்ப வேண்டும், கடைசிப் பிடி மோர் சாதத்தை அந்த ஓரத்தில் அணைத்துத்தானே அள்ளுகிறோம். பட்டறைக்கே நேரில் போனால் இதைச் சொல்லிச் செய்யச் சொல்லலாம். அடியில் பூச்சில்லாத வளையத்தைத் தடவிப் பார்த்து, சொரசொரப்பாக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மேஜையெல்லாம் கீறல்தான்.

ஒரே நிறத்தில் செட்டாக வாங்க வேண்டாம். என்னிடம் இருப்பவற்றில் கருநீலம் இருக்கிறது, பாசி நிறம் இருக்கிறது, எருக்கம்பூவின் வெளிறிய ஊதாவில் ஒன்று இருக்கிறது. ஆனால் விட்டம் மட்டும் எல்லாவற்றுக்கும் 11 அங்குலம். அளவு ஒன்றாக இருந்துவிட்டால் நிறம் எத்தனை மாறினாலும் கண்ணுக்கு உறுத்தாது. கருநீலத் தட்டில் சுடச்சுட வெள்ளைச் சாதமும், அதன் மேல் பருப்பும், ஒரு சொட்டு நெய்யும் விழும்போது இருக்கிற அழகு இருக்கிறதே, அதற்காகவே நான் பருப்பு சாதத்தை முதலில் பரிமாறச் சொல்வேன். பழுப்புத் தட்டு வேண்டவே வேண்டாம், சாம்பார் சாதம் அதில் செத்துப்போகும்.

பெரிய பாத்திரங்களில் என் முதல் மரியாதை கல்சட்டிக்கு. மாக்கல்லைக் கடைந்து செய்வது, சேலம் பக்கத்திலிருந்து வருவது. புதிதாக வாங்கியதை உடனே அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும், அரிசி களைந்த தண்ணீரும் கஞ்சித் தண்ணீரும் ஊற்றி வைத்து, விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி, பொறுமையாகப் பழக்க வேண்டும். பழகிவிட்டால் அதற்கு ஈடு கிடையாது. அடுப்பிலிருந்து இறக்கி மேஜையில் வைத்த பிறகும் வத்தக்குழம்பு சில நிமிஷம் ஓரத்தில் குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும், எண்ணெய் மேலே பிரிந்து நடுவில் சுண்டைக்காய் ஒன்றிரண்டு உருளும். ஃபேன் காற்றில் மற்றதெல்லாம் ஆறிப்போகும், கல்சட்டி ஆறாது. அதற்கு அடியில் வைக்கச் சிலிக்கான் வட்டமெல்லாம் வேண்டாம், நம் பிரிமணை போதும். வைக்கோல் பிரியில் முறுக்கியது, கயிற்றில் திரித்தது, எதுவானாலும் கருங்கல் நிறச் சட்டிக்குக் கீழே அந்தப் பொன்னிற வளையம் அவ்வளவு பொருத்தமாக இருக்கும்.

ரசத்துக்கு ஈயச்சொம்பு. வெள்ளீயத்தில் செய்வது, பூமியில் கிடைக்கிற உலோகங்களிலேயே மென்மையானவற்றில் ஒன்று. 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கவே கூடாது, உள்ளே ரசம் இருந்தால்தான் அது பிழைக்கும். பலர் இந்தப் பயத்திலேயே அதைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அடுப்பில் வைக்கப் பயமாக இருந்தால் ரசத்தை வேறு பாத்திரத்தில் கொதிக்க வைத்து, சொம்பில் ஊற்றி மூடி மேஜைக்குக் கொண்டுவாருங்கள். பளபளக்காத அந்தச் சாம்பல் வெள்ளி நிறம் எந்தத் தட்டோடும் சண்டை போடாது. வாங்கும்போது மட்டும் நம்பகமான பாத்திரக் கடையில் வாங்குங்கள், காரீயம் கலந்தது வந்துவிடக் கூடாது. புளி சேர்ந்த எதையும் ஈயம் பூசாத பித்தளையிலோ செம்பிலோ வைக்காதீர்கள், களிம்பு ஏறிவிடும். மோரும் எலுமிச்சையும்கூட அப்படித்தான். செம்புக் கூஜா தண்ணீருக்கு மட்டும்.

மோருக்கு மண்சட்டி. மானாமதுரையில் செய்தது என்னிடம் ஒன்று இருக்கிறது. அடியில் ஒரு தட்டு வைத்துவிடுங்கள், வியர்த்துக்கொண்டே இருக்கும். மதுரைப் பக்கத்தில் ஜில்லென்று ஆகிற மாதிரி சென்னையில் மண்பானை ஆகாது, நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் அதிகம், பானை மேல் கசிகிற தண்ணீர் சட்டென்று ஆவியாவதில்லை. ஆனாலும் மண்சட்டி மோருக்கு ஒரு வாசம் உண்டு, அதை விட மனசு வராது.

இனி சின்னச் சின்னச் சாமான்கள். என் ஆசையெல்லாம் இங்கேதான். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்கு வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விட வேண்டும். செடிகள், காய்கறி, பழைய மின்சாமான், மர நாற்காலி என்று தாண்டிப் போனால் தரையில் தார்ப்பாய் விரித்துப் பீங்கானும் பித்தளையும் குவித்திருப்பார்கள். 1985ல் எரிந்துபோன பழைய மூர் மார்க்கெட்டைப் பற்றிப் பெரியவர்கள் ஏக்கத்தோடு பேசுவார்கள், நான் பார்த்ததில்லை, எனக்கு மூர் மார்க்கெட் என்றால் இந்தச் சந்தைதான். அங்கே ஒரு நாள் அடுக்கடுக்கான கரண்டிகளுக்கு நடுவே ஒரு பாலாடை கிடைத்தது. குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு நீண்ட சின்னப் பாலாடை. பித்தளை. கறுத்துப்போயிருந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தால் அடியில் புள்ளி புள்ளியாக எழுத்து, 'ரா. கோ. 7-9-62'. அந்தக் காலத்தில் உளியால் தட்டித் தட்டிப் பெயர் வெட்டுவார்கள் அல்லவா, மெஷினில் வெட்டுகிற இன்றைய எழுத்து போல ஒரே கோடாக ஓடாது, ஒவ்வொரு புள்ளியும் தனியாக விரலில் தட்டுப்படும்.

"அண்ணே, இது எவ்ளோ?"

"எடைதாம்மா. பேரு இருக்குதேன்னு பாக்குறியா? தேச்சுக் குடுத்துடறேன்."

"வேணாம்ணே, பேரு இருக்கட்டும்."

பிறந்த குழந்தைக்குச் சீர் செய்ததாக இருக்கலாம், கல்யாணச் சீராகவும் இருக்கலாம். நான் அதற்கு ஈயம் பூசி, உருக்கிய நெய் ஊற்ற வைத்திருக்கிறேன். இடது கையால் எடுத்துச் சாய்த்தால் அந்த மூக்கு வழியாக நெய் கம்பியாக இறங்கும், ஒரு சொட்டு மேஜையில் சிந்தாது. நெய்க் கரண்டியை விட இது நல்ல வேலைக்காரன். இந்த மாதிரி ஒவ்வொரு பழைய சாமானுக்கும் மேஜையில் ஒரு வேலை கண்டுபிடிக்கிறபோது எனக்கு வருகிற சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. சந்தனம் வைக்கிற சின்னக் கிண்ணமான பேலாவில் ஊறுகாய் வைக்கலாமா என்று கேட்பார்கள், வெள்ளியிலும் பித்தளையிலும் உப்பும் புளிப்பும் ஆகாது, அதில் ஏலக்காயும் கற்கண்டும் வையுங்கள், சாப்பிட்டு முடித்ததும் வாயில் போட்டுக்கொள்ள. உப்புக்கு மரவை, அதாவது மரக் கிண்ணம். ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி, சின்னதாக, ஒரு கைப்பிடி உயரத்தில் கிடைக்கும். குழம்பு எடுக்கக் கொட்டாங்கச்சி அகப்பை, கல்சட்டியைக் கீறாது.

காரைக்குடி போனால் முனீஸ்வரன் கோயில் தெருவை விட்டுவிடாதீர்கள். பர்மா, மலேயா என்று கடல் தாண்டி வணிகம் செய்த நகரத்தார் வீடுகளிலிருந்து வந்த சாமான்கள் அந்தத் தெருக் கடைகளில் மலை மலையாக இருக்கும். சுவீடனிலிருந்து வந்த எனாமல் பாத்திரங்கள் அங்கே பிரசித்தம். இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடியை உருக்கிப் பூசியதுதான் எனாமல், ஓரத்தில் எங்காவது சில்லு போயிருந்தால் அந்த இடத்தில் துரு பிடிக்கும், அதனால் உள்பக்கம் முழுசாக இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் முக்கியம். பழைய எனாமலிலும், கையால் வண்ணம் தீட்டிய பழைய பீங்கானிலும் காரீயம் கலந்த நிறங்கள் இருக்கலாம். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அதில் ரசமோ தயிர்ப் பச்சடியோ வைக்காதீர்கள், குழந்தைகள் இருக்கிற வீட்டில் கட்டாயம் வேண்டாம். நான் அவற்றில் வாழைப்பழமும் தாம்பூலமும்தான் வைக்கிறேன்.

அதே ஊர்ப் பக்கத்துப் பனையோலைக் கொட்டானில் அப்பளம் அடுக்கலாம். ஆனால் எல்லோரும் உட்கார்ந்த பிறகு பொரித்துப் போடுங்கள், கொட்டானில் காற்று புகும், நம் கடற்கரைக் காற்றில் பத்து நிமிஷத்தில் அப்பளம் நமுத்துவிடும்.

துணி விஷயத்தை ரொம்ப யோசிக்க வேண்டாம். அம்மாவின் கட்டி ஓய்ந்த கண்டாங்கிச் சேலை, அரக்கும் மஞ்சளும் கட்டம் போட்டது, அதை நீளவாக்கில் மடித்து நடுவில் ஓடவிட்டால் அதைவிட நல்ல விரிப்பு கடையில் கிடையாது, குழம்பு சிந்தினாலும் கட்டத்தில் தெரியாது. தட்டுக்கு அடியில் பத்தமடைப் பாய் வைக்கலாம். தாமிரபரணிக் கரைக் கோரையைக் கீறி நெய்த மெல்லிய பாய், மேஜைக்கென்றே சின்ன அளவில் நெய்ததை அண்ணா சாலை பூம்புகாரில் பார்த்திருக்கிறேன். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் நவம்பர் மழையில் பூஞ்சணம் பிடித்துவிடும், நிழலில் காய வைத்துத்தான் எடுத்து வைக்க வேண்டும். இலை போடுகிற நாளில் பாய் வேண்டாம், வெறும் மேஜையில் இலை. நுனி இடது பக்கம். ஃபேன் காற்றில் முதலில் தூக்குவதும் அந்த நுனிதான், டம்ளரை அதன் மேல் மூலையில் வைத்துவிட்டால் இலை அடங்கிவிடும்.

பூவைப் பற்றி எனக்குக் கண்டிப்பான அபிப்பிராயம் உண்டு. மல்லியும் சம்பங்கியும் சாப்பாட்டு மேஜைக்கு வரக் கூடாது, பெருங்காய வாசமும் மல்லி வாசமும் சேர்ந்தால் இரண்டுமே கெடும். வாசலில் உருளியில் மிதக்க விடுங்கள், மேஜையில் வேண்டாம். மாங்காய் நாளில் கிளிமூக்கு மாங்காய் நாலைந்து, மற்ற நாளில் எலுமிச்சையோ, காம்போடு ஒடித்த கறிவேப்பிலைக் கொத்தோ ஒரு குட்டைக் கிண்ணத்தில் இருந்தால் போதும். எதிரே இருப்பவர் முகத்தை மறைக்காத உயரம், அவ்வளவுதான் விதி.

போன மாதம் மதுரையிலிருந்து சித்தியும் சித்தப்பாவும் வந்தபோது இப்படித்தான் போட்டிருந்தேன். நடுவில் கண்டாங்கி, அதன் மேல் வரிசையாகக் கல்சட்டியில் வத்தக்குழம்பு, ஈயச்சொம்பில் ரசம், பச்சை ஸ்டோன்வேர் கிண்ணத்தில் கீரை மசியல், எவர்சில்வர் தாம்பாளத்தில் உருளைக்கிழங்கு ரோஸ்ட். எவர்சில்வரை ஒதுக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? பாட்டி காலத்துக் கனமான தாம்பாளம், நடுவில் தேய்ந்து தேய்ந்து மங்கிய கண்ணாடி போன்ற பளபளப்பு, கருநீலத் தட்டுக்குப் பக்கத்தில் அது அப்படி ஜொலிக்கிறது. சித்தப்பா கல்சட்டியின் மூடியைத் திறந்து, "ஏம்மா, இது இன்னும் கொதிக்குதே!" என்றார். சித்தி பாலாடையைக் கையில் எடுத்துத் திருப்பி அடியில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு, அவர் கல்யாணச் சீரில் பெயர் வெட்டிய பாத்திரங்கள் எது எது யாரிடம் போயிற்று என்று ஆரம்பித்தார். குடத்தை மூத்த மருமகள் எடுத்துக்கொண்டது, அண்டாவைக் கோயிலுக்குக் கொடுத்தது, ஒரு சம்புடம் எங்கே போயிற்றென்றே தெரியாதது. தட்டில் கை காய்ந்துபோகிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை.

சித்தி வீட்டிலேயே இன்னும் இரண்டு அடுக்கும் ஒரு வெண்கல உருளியும் லாஃப்டில் இருக்கிறதாம். நம் வீடுகளில் இதுதான் எனக்கு ஆற்றாமை. நல்லதெல்லாம் பரணிலும் பூட்டிய ஷோகேஸிலும் இருக்கும், விருந்தாளிக்கு மெலமைன் தட்டு வரும். விருந்துக்கு மட்டும் என்றுகூட வைக்காதீர்கள், சாதாரணச் செவ்வாய்க்கிழமைத் தயிர் சாதத்துக்கு எடுங்கள். ஸ்டோன்வேர் உடையத்தான் செய்யும், உடைந்தால் பாண்டிக்கு இன்னொரு தடவை போகலாம். பித்தளை கறுக்கத்தான் செய்யும், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம் கறுக்கும், புளியும் கொஞ்சம் உப்பும் போட்டுத் தேய்த்து, கழுவியதும் ஈரம் போகத் துடைத்துவிட்டால் தீர்ந்தது. சமையலறையில் கைக்கு எட்டுகிற அலமாரித் தட்டை இவற்றுக்குக் கொடுங்கள், மேல்தட்டுக்கு ஏற்றினால் மறுபடி இறங்காது.

ஒரு உதவி வேண்டும். ஈயம் பூசுகிறவர்கள் முன்பெல்லாம் தெருத் தெருவாகக் கூவிக்கொண்டு வருவார்கள், பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளைப் புகை கிளம்ப, உருகிய ஈயத்தைத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றினால் உள்பக்கம் பூராவும் வெள்ளியாகிவிடும். எனக்குப் பூசிக் கொடுத்துக்கொண்டிருந்த பெரியவர் வயதாகி ஊருக்கே போய்விட்டார். திருவான்மியூர், அடையாறு, மயிலாப்பூர் பக்கம் யாராவது இன்னும் பூசுகிறார்கள் என்றால் சொல்லுங்கள். சித்தியின் உருளியும் அடுக்குகளும் பொங்கலுக்குள் இங்கே வந்துவிடும், என்னுடைய பித்தளைச் சட்டி ஒன்றும் பூச்சு போய்க் கிடக்கிறது.